வாய்க்கால் வெட்டினார்கள், காடு வந்தது: பிச்சாவரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது. ஒடித்தால் பால் வடியும் மரம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்று இன்றும் பயப்படுவார்கள். நடராசர் கோயிலின் தலமரம் அதுதான். ஆனால் அதைக் காட்டில் வளர்ந்து நிற்கும் மரமாகப் பார்க்க வேண்டுமென்றால், ஊரிலிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பிச்சாவரத்தில் படகு ஏற வேண்டும்.

படகில் போகிறவர்கள் சுரபுன்னையின் வளைந்த வேர்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சுற்றுலாப் படகு நுழையாத உட்பகுதியில் பார்க்க இன்னொன்று இருக்கிறது. கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும்: நடுவில் ஒரு நேர்கோடு, அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள், மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் போல. இயற்கையாக உண்டான ஓடை இப்படி நேராக ஓடாது. இவை மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டிய வாய்க்கால்கள். வெட்டியவர்களில் பலர் அந்தக் காட்டு நீரில் கையால் இறால் தடவிப் பிழைப்பவர்கள்.

காட்டை மீட்பதும் ஏழைகளின் பிழைப்பை உயர்த்துவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று எல்லா அரசுத் திட்ட அறிக்கையிலும் எழுதியிருக்கும். பிச்சாவரத்தில் அது ஓரளவு நடந்தது. எது நடந்தது, எந்த இடத்தில் பாதியில் நின்றது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம்.

இடமும் மக்களும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டும் கடலில் சேரும் கழிமுகங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. சின்னச் சின்னத் தீவுகள், நடுவே ஓடைகள். பெரும்பகுதி வெண்கண்டல், ஓடைக் கரையோரம் சுரபுன்னை. இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. கோடையில் முகத்துவாரம் மணல் சேர்ந்து குறுகினால் அதுவும் குறைந்துவிடும். கடல்நீர் காட்டுக்குள் போய் வருவதற்குக் கிடைக்கும் வாய்ப்பு இங்கே இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாக விளங்கும்.

காட்டைச் சுற்றிலும் மீனவர் ஊர்களும் விவசாய ஊர்களும் இருக்கின்றன. அவர்களோடு எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருளர்கள். இருளர் என்றதும் பாம்பு, எலி, மூலிகை என்றுதான் பலருக்கும் நினைவு வரும். இங்கே அவர்கள் நீரில் இறங்கிப் பிழைக்கிறார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. வற்றத்தில் நீர் குறைந்ததும் பெண்களும் ஆண்களும் ஓடையில் இறங்கி, மண்டியிட்டுத் தவழ்ந்தபடி இரு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, பனை ஓலையில் முடைந்த சிறு கூடைக்குள் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கிறதே, கூடையை எங்கே வைப்பது? பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். கழுத்தளவு நீரில் மணிக்கணக்காக வாயில் கூடையோடு ஒரு பெண் நகர்ந்து போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூடையில் சேர்வதுதான் அன்றைய அரிசியும் பருப்பும்.

அந்த ஓடைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மீன்பிடிப்பதும் தடைசெய்யப்பட்ட செயல்தான். சட்டத்தின் பார்வையில் அந்தப் பெண் செய்தது பிழைப்பு அல்ல, குற்றம்.

காடு ஏன் அழிந்தது

1980களில் பிச்சாவரத்தின் உள்பகுதிகள் பல வெறும் திட்டுகளாகக் கிடந்தன. ஆடுமாடு மேய்கிறது, ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், அதனால் காடு போகிறது என்பதுதான் நெடுநாள் நம்பிக்கை. நம்பிக்கை அப்படி இருந்தால் தீர்வும் அப்படித்தானே இருக்கும்? வேலி போடு, காவல் போடு, ஆட்களை உள்ளே விடாதே.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வி. செல்வம் போன்றவர்கள், இதை மண்ணிலிருந்து ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை வேறாக இருந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரைக்கும் இந்தக் காடு வருவாய்க்காக 'கூப்பு' முறையில் வெட்டப்பட்டு வந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து மொட்டையாக வெட்டுவார்கள். அது தானாக மறுபடி வளர்ந்துவிடும் என்பது கணக்கு. நிலக் காட்டில் ஓரளவு பலித்த கணக்கு சதுப்பில் பலிக்கவில்லை.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரம் இருக்கும்வரை நிழல் இருந்தது, சேறு ஈரமாக இருந்தது. மரத்தை மொட்டையடித்ததும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றில் இருந்த நீர் ஆவியானது, மக்கிய பொருள் சிதைந்தது, மண் தாழ்ந்து அமுங்கியது. ஓரங்களில் மரம் நின்ற இடம் அப்படியே இருக்க, நடுப்பகுதி மட்டும் தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் அந்தக் குழியில் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மட்டும் தங்கியது. இப்படியே பல வருடம் போனால் அது கிட்டத்தட்ட உப்பளம். கடல்நீரில் முளைக்கும் கண்டல் விதைகூட அந்த உப்பைத் தாங்காது.

ஆக, காட்டை அழித்தது மாடு மேய்த்தவரோ சுள்ளி பொறுக்கியவரோ அல்ல. மேய்ச்சல் கன்றுகளைக் கெடுத்தது உண்மைதான், ஆனால் அடிப்படைக் காரணம் அரசின் பழைய வெட்டுமுறை. இந்த ஒரு கண்டுபிடிப்பைத்தான் பிச்சாவரம் கதையிலேயே மிக முக்கியமானதாக நான் நினைக்கிறேன். பழி விலகியதும் ஊர்க்காரர்களைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டிய தேவை போய்விட்டது. அப்புறம்தான் அவர்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது.

மீன்முள் வாய்க்கால்

நோய் தேங்கிய நீர் என்றால் மருந்து நீரை ஓடவிடுவதுதான். இயற்கை ஓடையிலிருந்து குழிந்த திட்டுக்குள் ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் எல்லா மூலைக்கும் போக வேண்டும், வற்றத்தில் முழுக்க வடிய வேண்டும். நேர்செங்குத்தாக வெட்டினால் கரை சரிந்துவிடும் என்பதால் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்டினார்கள். நாளுக்கு இரண்டு முறை நீர் வந்து போகப் போக, மண்ணில் இருந்த உப்பு கழுவிக்கொண்டு போனது.

கன்று நடும் இடத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வாய்க்காலின் அடியில் நட்டால் எப்போதும் மூழ்கிக் கிடந்து அழுகும். மேட்டில் நட்டால் நீர் எட்டாமல் காயும். சரிவின் நடுவில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளியே தெரியும் உயரத்தில் நட வேண்டும். அந்த உயரத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் தினமும் அந்த நீரில் இறங்குகிறவர்கள்தான்.

இந்த முறைக்கு உறவான ஒன்று முத்துப்பேட்டையில் ஏற்கெனவே இருந்தது. அங்கே மீனவர்கள் குழுவாகச் சேர்ந்து சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டி, அதில் ஏறி வரும் மீனைப் பிடிப்பார்கள். மீனுக்காக வெட்டிய அந்த வாய்க்கால்களின் கரையில் கண்டல் தானாகவே பிடித்து வளர்ந்தது. வாய்க்கால் இருந்தால் மீனும் வரும், மரமும் வரும் என்பது அந்தக் கரைக்குப் புதிய செய்தி அல்ல.

இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு 1996 முதல் இந்தப் பணி பெரிய அளவில் நடந்தது. தமிழ்நாட்டோடு ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் நடந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. ஏறத்தாழ இரண்டு மடங்கு! வேலி மட்டும் போட்டிருந்தால் உப்புத் திட்டு உப்புத் திட்டாகவே இருந்திருக்கும்.

பங்கு எதில்?

1988 தேசிய வனக் கொள்கை, காட்டோர மக்களின் தேவைகளை முன்னால் வைத்தது. 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து கூட்டு வன மேலாண்மை தொடங்கியது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பான் கடனுதவியோடு நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைந்தன. ஏற்பாடு எளிமையானது: சிதைந்த காட்டை ஊர் காப்பாற்றும், பதிலுக்கு விளைச்சலில் ஊருக்குப் பங்கு. புல், சுள்ளி, பழம், பின்னால் மரம்.

சரி, அலையாத்திக் காட்டில் எந்த விளைச்சலில் பங்கு கொடுப்பது? மரம் வெட்டவே கூடாது. புல் கிடையாது. இங்கே காட்டின் விளைச்சல் நீரில் நீந்துகிறது: வெள்ளை இறால், சேற்று நண்டு, மடவை, கொடுவா. வனத்துறையின் கணக்குப் புத்தகத்தில் மீனுக்குப் பக்கமே இல்லை. நிலக் காட்டுக்காக எழுதிய ஏற்பாட்டைச் சதுப்புக்குக் கொண்டுவந்தபோது முட்டிய இடம் இதுதான். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கருத்து.

இந்த இடைவெளியை ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊரும் சேர்ந்து ஓரளவு நிரப்பின. கிராம வளர்ச்சி மற்றும் அலையாத்திக் காட்டுக் குழு என்று ஊர்தோறும் அமைத்தார்கள். குடும்பத்துக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர். பெயரில் 'வளர்ச்சி' முன்னால் வருவது தற்செயல் அல்ல. ஊர் முதலில் கேட்டது கண்டல் கன்று அல்ல, குடிநீரும் சாலையும் கடனும்தான். அதைப் பேசிவிட்டுத்தான் வாய்க்காலைப் பற்றிப் பேச முடிந்தது.

இருளர்களுக்கு இதில் மூன்று விதமாகப் பயன் கிடைத்தது. வாய்க்கால் வெட்டிய கூலி ஒன்று. படகும் வலையும் இன்னொன்று. கையால் தடவிப் பிடிக்கிறவர் வற்றத்தில் மட்டும், ஆழமில்லாத இடத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும். வலை இருந்தால் ஏற்றத்திலும் பிடிக்கலாம், உடம்பும் அவ்வளவு தேயாது. மூன்றாவது, பழங்குடியினர் சான்றிதழ்.

இந்தச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அரசுப் பட்டியலில் இருளர் பழங்குடியினர்தான், அதிலும் மிகவும் நலிந்த பழங்குடி என்று தனியாகக் குறிக்கப்பட்டவர்கள். ஆனால் பட்டியலில் சாதிப் பெயர் இருப்பது வேறு, கையில் காகிதம் இருப்பது வேறு. மலையில் இல்லாமல் கடலோரத்தில் மீன்பிடிக்கும் ஒருவர் நான் பழங்குடி என்று சொன்னால், அலுவலக மேசையில் முதலில் வருவது சந்தேகம். காகிதம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, வீட்டுத் திட்டம் இல்லை. வாய்க்கால் வெட்ட வந்த ஒரு திட்டம் சான்றிதழுக்காகவும் அலைந்தது என்பதை ஏதோ துணை வேலையாக நான் பார்க்கவில்லை. வறுமை ஒழிப்பு என்ற பெயருக்கு அங்கே தகுதியாக நடந்தது அதுதான்.

இதே இருளர்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது, அதை நம்பியிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகுதான், பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடும் வேலையாக அந்தத் திறமை மாறியது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது கூலி மட்டுமல்ல, உரிமம். இந்த வேறுபாடு பிச்சாவரத்துக்கும் பொருந்தும்.

2004 டிசம்பர் 26

சுனாமி வந்த காலையில் மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற ஊர்கள் கடுமையாக அடிபட்டன. காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ். பேட்டை, வடக்குப் பிச்சாவரம் போன்ற ஊர்கள் பெருமளவு தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, மரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்று எழுதினார்கள். அதே 2005இல் வெளிவந்த இன்னொரு சர்வதேச ஆய்வும் கடலூர் மாவட்டக் கரையை வைத்து அதையே சொன்னது.

மறுப்பும் வந்தது. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்தன, தப்பியதற்குக் காரணம் மரமா தூரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை வைத்துக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை, எந்த அலையையும் நிறுத்திவிடும் என்பது மிகை. அந்த மிகையால் ஒரு தீங்கும் நடந்தது. கரையோரம் மரம் என்றாலே பாதுகாப்பு என்று, சுனாமிக்குப் பின் கடற்கரை மணலில் நெடுகச் சவுக்கு நட்டார்கள். வலை உலர்த்தும் மணலும் ஆமை முட்டையிடும் மணலும் அதில் போனது. எந்த இடத்தில் எந்த மரம், அந்த இடத்தை ஏற்கெனவே யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்வியைப் பிச்சாவரத்தில் கேட்டார்கள், சவுக்கு நட்டபோது பெரும்பாலும் கேட்கவில்லை.

இப்போது

2022இல் பிச்சாவரம் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது, மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமையாக்குவது அதன் இலக்கு. 2023இல் மத்திய அரசு மிஷ்டி என்ற அலையாத்திக் காடு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது, 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலுமாக சுமார் 540 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திக் காடே 45 சதுர கிலோமீட்டர்தான் என்று 2021 வன அறிக்கை சொன்னதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இலக்கு என்று தெரியும். மிஷ்டி என்ற பெயருக்குள்ளேயே 'கையில் படும் வருமானம்' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் மிகவும் நம்ப விரும்புகிறேன்.

நம்புவதற்கு இரண்டு இடங்களைச் சரிசெய்ய வேண்டும்.

ஒன்று, தூர்வாரல். மீன்முள் வாய்க்கால் ஒருமுறை வெட்டிவிட்டால் முடிகிற வேலை அல்ல. ஒவ்வொரு ஏற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து போடும். முதல் சில வருடங்களாவது ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் நீர் மறுபடி தேங்கும், உப்பு மறுபடி ஏறும். ஆனால் திட்டங்களுக்கு நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் ஹெக்டேரும்தான் கணக்கு. நடும் ஆண்டுக்குப் பணம் வரும், தூர்வாரும் ஆண்டுக்கு வராது. நூறு நாள் வேலை போன்ற ஊரக வேலைத் திட்டத்தின் பணிப் பட்டியலில் இந்த வாய்க்கால்களைச் சேர்த்தால், கூலி வருடா வருடம் அதே ஊருக்குப் போகும், காடும் நிற்கும். கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் இறங்கும் நன்னீர் குறையக் குறைய உப்பைக் கழுவும் வேலை முழுக்க இந்த வாய்க்கால்கள் மேல்தான் விழப்போகிறது.

இரண்டாவது, நீரின்மேல் உரிமை. கூலி திட்டத்தோடு முடியும். வலை கிழியும். காடு வளர்ந்து இறால் பெருகினால் அதனால் பயன்பெறப் போவது யார் என்பதை, யாருக்கு அந்த ஓடையில் இறங்க உரிமை இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். 2006 வன உரிமைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அதன் 3(1)(ஈ) பிரிவு, சமூக உரிமைகளில் மீனையும் நீர்நிலைகளின் பிற விளைபொருள்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வனத்துறைக் கணக்கில் இடம் இல்லாத மீனுக்கு நாடாளுமன்றச் சட்டத்தில் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் உயர்நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பிச்சாவரத்தில் காடு இரட்டிப்பான பிறகு, பதினான்கு வருடம் கழித்து.

இந்த இடத்தில்தான் அந்தச் சாதிச் சான்றிதழ் மறுபடி வருகிறது. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடம்விட்டு இடம் துரத்தப்பட்டு வாழ்ந்த குடும்பங்களிடம் 75 வருடக் காகிதம் எங்கே இருக்கும்? கையில் சான்றிதழ் உள்ள இருளர் குடும்பத்துக்கு வழி திறக்கிறது, இல்லாத குடும்பத்துக்கு அதே ஓடை மூடிக்கிடக்கிறது.

சமூக உரிமைக்கு மனு செய்யும் படிவத்தின் பெயர் 'பி'. கிராம சபையின் வன உரிமைக் குழு வழியாகக் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். மனு செய்யாத பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தாலும் அது சான்றாகும் என்று விதி சொல்கிறது. எந்த ஓடையில் எந்த மாதம் வெள்ளை இறால் ஏறும், எந்தத் திட்டின் ஓரம் நண்டு வளை இருக்கும், எந்த வாய்க்கால் எந்த வருடம் வெட்டியது, தன் அம்மா எந்த வழியாக நீரில் இறங்கினாள் என்பதெல்லாம் பல்லில் கூடையைக் கடித்துக்கொண்டு போகும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். யாராவது ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து ஓடைகளின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் வரைய வேண்டும். படிவத்தோடு இணைக்க வேண்டிய வரைபடம் அதுதான்.